வேண்டாம் என்று ஒதுக்கிய நான்காவது பட்டை

2023-ல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விசித்திரமான ஒரு சிக்கலில் மாட்டியது. அதற்கு முந்தைய ஓராண்டில் அது அறிவித்த கேப்டன் பணியிடங்களில் ஏறக்குறைய பாதிக்கு ஆளே வரவில்லை. தகுதியுள்ள துணை விமானிகள் இருந்தார்கள். சம்பளமும் கணிசமாகக் கூடும். அமெரிக்கன் ஏர்லைன்ஸிலும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் கேப்டன் பதவியை ஏற்காமல் இருப்பதாகத் தொழிற்சங்கம் கணக்குச் சொன்னது. தோளில் கேப்டனுக்குரிய நான்காவது பட்டை ஏறும் நாளுக்காகத்தான் பெருங்கடன் வாங்கிப் பறக்கக் கற்கிறார்கள். அது கைக்கெட்டும்போது ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

விடை சீனியாரிட்டி எண்ணில் இருக்கிறது.

அமெரிக்க விமான நிறுவனத்தில் சேர்ந்ததுமே ஒரு விமானிக்கு வரிசை எண் விழுந்துவிடும். எந்த ஊரிலிருந்து பறப்பது, எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த நாட்களில் வேலை, எப்போது விடுப்பு, எல்லாம் அந்த எண்படிதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள துணை விமானி, துணை விமானிகளின் பட்டியலில் மேலே இருப்பார். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாம், குழந்தையின் பள்ளி விழாவைப் பார்த்து விடுப்பு எடுக்கலாம். அவரே கேப்டன் ஆகிவிட்டால், கேப்டன்கள் பட்டியலின் அடியில் போய் நிற்க வேண்டும். எண் அதேதான், முன்னால் நிற்பவர்கள்தான் மாறிவிட்டார்கள்.

பட்டியலின் அடியில் இருப்பவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் ரிசர்வ் வேலை. போன் வந்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வராவிட்டாலும் அந்த நாள் அவருடையது அல்ல. போதாக்குறைக்கு, வீடு டென்வரில் இருக்க, வேலை நியூயார்க்கில் அமையலாம். அப்போது பணிக்குப் போவதற்கே விமானம் ஏற வேண்டும். அந்த ஊரில் தங்க, பல விமானிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு கட்டில்.

இப்படிக் கணக்குப் போட்டுத் துணை விமானியாகவே இருப்பவரை லட்சியம் இல்லாதவர் என்பது அநியாயம். அவர் காப்பாற்றிக்கொள்வது சொந்தச் சுகத்தை மட்டும் அல்ல, பயணிகளின் பாதுகாப்பையும்தான்.

2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கருகே கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானிக்கு 24 வயது, மிகக் குறைந்த சம்பளம். பெற்றோர் வீடு சியாட்டில் அருகே. வேலை நாட்டின் மறுகோடியில், நியூவார்க்கில். முந்தைய இரவு சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டுதான் அவர் பணிக்கு வந்து சேர்ந்தார். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில். விமானம் வேகமிழந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. களைப்பு இருவரின் திறனையும் பாதித்திருக்கக்கூடும் என்றும் சொன்னது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே எத்தனை மைல் என்பது விமானியின் சொந்த விவகாரம் என்று இனி யாரும் ஒதுக்கிவிட முடியாது.

அந்த விபத்துக்குப் பிறகு சட்டம் மாறியது. 2014 ஜனவரி முதல், பயணிகள் விமானிகளுக்குப் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கட்டாயம். அதில் இடையூறில்லாமல் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பும் இருக்க வேண்டும். சரக்கு விமானங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள், இரவெல்லாம் பறப்பவர்கள் அவர்கள்தான் என்று தெரிந்தும். இந்த விதி நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2013 ஆகஸ்டில், விடியுமுன் அமெரிக்காவின் பர்மிங்காமில் இறங்க முயன்ற யூபிஎஸ் சரக்கு விமானம் நொறுங்கி இரு விமானிகளும் இறந்தார்கள். விமானிகளுக்குத் தாராளமாகச் சம்பளம் தரும் நிறுவனம் அது. புறப்படுமுன் அந்த இருவரும் இந்த விலக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் அது இருக்கிறது.

அந்த 10 மணி நேர ஓய்வைச் சரக்கு விமானிகளுக்கும் சட்டமாக்குவது முதல் வேலை. கேப்டன் இருக்கைகள் இப்படிக் காலியாகக் கிடக்கக் கூடாதென்றால், சம்பளத்தோடு ரிசர்வ் நாட்களின் எண்ணிக்கையையும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டும்.