வௌவால் வீட்டு விருந்து

வௌவால் வீட்டிற்கு விருந்துக்குச் சென்றால் நாமும் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான் என்று நம் முன்னோர் வேடிக்கையாகச் சொல்லிவைத்தனர். விருந்துக்குச் செல்கிறவன் அவ்வீட்டு முறைக்கு உட்பட வேண்டும் என்பது இதன் கருத்து. வகுப்பறையில் இப்பழமொழியை விளக்கும்போதெல்லாம் மாணாக்கர் சிரிப்பர். ஆயினும், 1999ஆம் ஆண்டிற்குப் பின் இதனைச் சொல்லும்போது என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. வௌவாலுக்கும் நமக்கும் இடையே யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி?

சுங்கை சிப்புட்டைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் அந்த அந்தி வானத்தை மறந்திருக்க மாட்டார்கள். லயத்து வாசலில் விளக்கேற்றும் நேரத்தில், மலைப்பக்கமிருந்து பெரிய வௌவால்கள் ஒன்றன்பின் ஒன்றாய், அவசரமின்றிச் சிறகசைத்து வரும். மலாய்க்காரர் அவற்றைக் கெலுவாங் என்பர். நம்மவர் பழந்தின்னி வௌவால் என்பர். பழந்தமிழ் நூல்களில் அவற்றுக்கு வாவல் என்று பெயர். சிறகு விரித்தால் ஒன்றரை மீட்டர் அளவுக்கு அகலும். முகம் நரிமுகம். பூச்சி தின்னும் சிறு வௌவால் எதிரொலியைக் கேட்டு வழி கண்டறியும். இதுவோ கண்ணாலும் மூக்காலும் பழமரத்தைத் தேடி வரும். ஆய்வாளர்கள் சில வௌவால்களுக்குச் சிறு கருவிகளைப் பொருத்தித் துணைக்கோள் வழியாகக் கண்காணித்தபோது, அவை நம் நாட்டிலிருந்து சுமத்திராவுக்கும் தாய்லாந்துக்கும் பறந்து சென்றதைக் கண்டனர். எல்லையும் கடவுச்சீட்டும் மனிதர் வகுத்தவை. பழம் பழுக்கும் பருவமே அவற்றுக்கு வழிகாட்டி.

அதிகாலையில் மரத்தடியில் கடிபட்ட பழங்கள் கிடக்கும். "அணில் கடிச்ச பழந்தான் இனிக்கும்" என்று சொல்லி, என் பாட்டி அவற்றுள் நல்லதைப் பொறுக்கி, கடிபட்ட பகுதியை அரிந்துவிட்டு எங்களுக்குத் தருவார். இரவில் வந்து கடித்தது அணிலா, வௌவாலா என்று அந்நாளில் எவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வௌவால் இனத்தால் நாம் பெற்ற நன்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். டுரியான் மலர்கள் மாலையில் விரிந்து இரவில் மணம் பரப்பும். அவற்றின் தேனை நாடிவரும் குகை வௌவால்களே ஒரு மரத்து மகரந்தத்தை மற்றொரு மரத்திற்குக் கொண்டு செல்கின்றன. நாம் விரும்பியுண்ணும் பெத்தாயும் அவ்வாறே காய்க்கிறது. கெலுவாங் போன்ற பெரிய வௌவால்களோ விதைகளைத் தொலைவில் விதைக்கும் தோட்டக்காரர்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளுக்கும் நம் டுரியான் தோப்புகளுக்கும் இப்படியோர் உறவு உண்டு. டுரியான் பருவத்தில் விலை பேசும் நம்மில் எத்தனை பேர் அந்த இரவுத் தொழிலாளியை நினைக்கிறோம்?

1998ஆம் ஆண்டு செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோரிடையே கடுங்காய்ச்சல் கண்டது. தலைவலி, மயக்கம், பின் நினைவிழப்பு எனச் சில நாள்களில் நோய் முற்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். தடுப்பூசி போட்டனர், கொசுமருந்துப் புகை அடித்தனர். ஆயினும் நோய் அடங்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இதுவோ பன்றிகளோடு நெருங்கிப் பழகிய வளர்ந்த ஆண்களைத் தாக்கியது. தடுப்பூசி போட்டவர்களையும் விடவில்லை. பன்றிகளும் இருமி மடிந்தன. வணிகத்தின் வழியே பன்றிகள் நெகிரி செம்பிலான் செல்ல, நோயும் உடன் சென்றது.

அப்போது நான் இளம் ஆசிரியன். என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை, தோட்டத்து வேலை நின்றபின் ஈப்போவை அடுத்த ஒரு பண்ணையில் கூலிக்குச் சேர்ந்தவர். காய்ச்சலில் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. பள்ளி திறந்ததும் அச்சிறுவன் வந்தான். அவனுக்கு அருகிலிருந்த இரண்டு நாற்காலிகள் மெல்ல நகர்ந்தன. எவரும் சொல்லிக்கொடுத்து நகர்ந்தவை அல்ல. வீட்டில் பெரியவர்கள் பேசியதன் விளைவு அது. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை அம்மா அவனை அழைத்துத் தம் பக்கத்தில் அமர்த்தி, "சாப்பிடுய்யா" என்று தம் கையாலேயே நாசிலெமாக் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். மறுநாள் நாற்காலிகள் பழைய இடத்திற்கு வந்தன. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற எந்தப் பாடமும் அந்த ஒரு செயலுக்கு ஈடாகாது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதியதொரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். அந்நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு அமைந்தது. நிப்பா என்பது ஆற்றோரத்தில் வளரும் ஒருவகைப் பனை. குற்றமற்ற ஒரு மரத்தின் பெயர் உலகெங்கும் அச்சத்தின் பெயராயிற்று. நம் நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். மாண்டவர்களுள் சீனப் பண்ணையாளர்கள் மிகுதி. அவர்களோடு உழைத்த இந்தியத் தொழிலாளர்களும் இருந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. வாழ்நாள் உழைப்பைச் சில நாள்களில் இழந்த குடும்பங்கள் பல.

நச்சுயிரி வந்த வழியைத் தேடியவர்கள் வௌவாலிடம் சென்று சேர்ந்தனர். அதன் உடலில் இந்நச்சுயிரி பெருந்தீங்கு செய்யாமல் குடியிருக்கிறது. வௌவால் பழத்தை மென்று, சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும் இயல்புடையது. நோய் முதலில் தோன்றிய பண்ணையில் பன்றிக் கொட்டில்களை ஒட்டியே மாமரங்கள் நின்றன. மேலிருந்து விழுந்த எச்சிற்கனியைக் கீழிருந்த பன்றி தின்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்தம் முடிவு. பின்னர்த் தியோமான் தீவில் வௌவால் கடித்துப் போட்ட ஜம்புப் பழமொன்றிலிருந்தே அந்நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். வௌவால் தன் வழக்கப்படி இரை தேடியது. மாமரத்தையும் கொட்டிலையும் அருகருகே அமைத்தது மனிதனின் கை.

வங்காளதேசத்தில் 2001 முதல் இந்நோய் அடிக்கடி தோன்றி வருகிறது. அங்கே ஈச்சமரத்தில் இரவு முழுதும் பானை கட்டிச் சாறு இறக்குவர். வௌவால் வந்து நக்கும். காலையில் மனிதர் பருகுவர். சாறு வடியும் இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மறைத்தால் வௌவால் அணுகுவதில்லை என்று கண்டனர். கள்ளிறக்கும் தொழிலை அறிந்த நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். ஒரு மூங்கில் தட்டியின் இடைவெளி ஓர் உயிரைக் காக்கிறது.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டு வட்டாரத்தில் நிபா தோன்றி, 17 பேர் உயிரிழந்தனர். அச்செய்தி புலனத்தின் வழியே எங்கள் ஊருக்கும் வந்தது. பள்ளி வளாகத்து ஜம்பு மரத்தை உடனே வெட்ட வேண்டுமெனப் பெற்றோர் சிலர் கூட்டத்தில் வற்புறுத்தினர். பிள்ளைகள்மேல் கொண்ட அக்கறையால் எழுந்த குரல் அது. அதைக் குறைகூற இயலாது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர், பேரனுக்காக வந்திருந்தார். "ஐயா, இந்த மரத்த வெட்டுனா வௌவா அடுத்த வூட்டு மரத்துக்குப் போவும். மரம் அங்கதான் நிக்குது. நாமதான சாப்பாட்டு மேசைய அதுக்கடியில போட்டோம்?" என்றார்.

கூட்டம் சிறிது நேரம் அமைதியாக இருந்தது. மாணாக்கர் உணவருந்தும் மேசைகள் நிழலுக்காக அம்மரத்தடியிலேதான் போடப்பட்டிருந்தன. மேசைகளைக் கூரையின்கீழ் மாற்றினோம். உதிர்ந்த பழங்களைத் தோட்டக்காரர் கையுறை அணிந்து விடியலிலேயே கூட்டிப் புதைக்கிறார். தலைமையாசிரியர் என்ற முறையில் நான் கையொப்பமிட்ட தீர்மானங்களுள் இதனை எண்ணி மகிழ்கிறேன்.

வௌவாலைக் கொல்வதாலும் விரட்டுவதாலும் நோய் நீங்காது. கலைந்த கூட்டம் வேறிடத்தில் குடியேறும். ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும் அவ்வினம் அழிந்தால் மீள்வதும் அரிது. தமிழகத்தில் வௌவால் தங்கும் மரத்தைத் தெய்வமரமாகப் போற்றி, தீபாவளிக்கும் வெடி வெடிக்காத சிற்றூர்கள் உள்ளன. அம்மக்கள் அதனைத் தொடுவதுமில்லை, துன்புறுத்துவதுமில்லை. மதிப்பும் இடைவெளியும் அவர்களிடம் ஒன்றாகவே இருக்கின்றன.

ஆசிரியப் பெருமக்களே, மாணாக்கர்களே! கடிபட்ட பழத்தை உண்ணலாகாது. மரத்தில் பறித்த பழத்தையும் நன்கு கழுவித் தோல்சீவி உண்ண வேண்டும். விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அணில் கடித்த பழம் இனிக்கும் என்ற பாட்டிமார் சொல்லை அன்போடு நினைவில் வைப்போம். பழத்தை மட்டும் மண்ணுக்கு விட்டுவிடுவோம். வௌவால் வீட்டு விருந்துக்குச் செல்வோர் தலைகீழாகத் தொங்க வேண்டியதில்லை. எட்ட நிற்கக் கற்றுக்கொண்டாலே போதும்.