மூன்று கம்பிகளும் ஒரு பற்றாசும்

எலெக்ட்ரிக் கிதாரைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதன் மரத்தையும் வண்ணத்தையும்தான் பார்க்கிறார்கள். மரத்தின் மீது திருகப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தகட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிக்கார்ட் என்று அதற்குப் பெயர். தந்தியை மீட்டும் வில்லை மரத்தின் மெருகைக் கீறிவிடாமல் காப்பதற்காக வந்த தகடு அது. 1954இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் அந்தக் காவல்காரனின் தலையில் வீட்டுப் பொறுப்பு முழுவதும் விழுந்தது. மூன்று பிக்கப்கள், ஒலியளவுக்கு ஒன்றும் தொனிக்கு இரண்டுமாக மூன்று குமிழ்கள், ஒரு தேர்வு சுவிட்ச் என்று எல்லாமே அந்தத் தகட்டில்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. திருகுகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினால் கிதாரின் மின்சார உயிர் மொத்தமும் கையோடு வந்துவிடும். மரத்தோடு அதைப் பிணைத்திருப்பவை மூன்றே கம்பிகள். இரண்டு, வெளியே ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஜாக்குக்குப் போகின்றன. மூன்றாவது, பின்புறக் குழிவிலுள்ள சுருள்வில்களைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டுக்குப் போகிறது. தந்திகளை எர்த்தோடு இணைப்பது அதுதான். தந்தியின் மேல் கை பட்டவுடன் இரைச்சல் அடங்குவது அதனால்தான்.

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. பழுதாவதைப் பற்றி நன்கு தெரிந்திருந்தது. அவருடைய கிதார்களில் கழுத்து ஒட்டப்படாமல் திருகப்பட்டிருப்பதும், மின்பாகங்கள் ஒரே தகட்டில் சேர்ந்திருப்பதும் பழுதுபார்ப்பவனின் சிந்தனையில் பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பொருளும் ஒருநாள் இன்னொருவன் கையால் திறக்கப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் அந்த மூன்று கம்பிகளை மட்டும் அவரும் பற்றவைத்தே இணைத்தார்.

பற்றவைப்பதற்குத் தமிழில் ஓர் அழகான பழஞ்சொல் உண்டு: பற்றாசு. பொற்கொல்லர் இரண்டு துண்டுகளை ஒன்றாக்க இடையில் உருக்கி வைக்கும் உலோகப்பொடி அது. யாப்பிலக்கணத்தில் ஆசிடை நேரிசை வெண்பா என்று ஒரு வகை இருக்கிறது. முதல் குறட்பாவும் தனிச்சொல்லும் ஒட்டாமல் விலகி நிற்கும்போது ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பார்கள். அந்த அசைக்கு ஆசு என்று பெயர். கொல்லரின் பற்றாசைத்தான் உரைகாரர்கள் அதற்கு உவமையாகச் சொல்கிறார்கள். கிதாரில் வைக்கப்படும் ஆசு வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. அறுபதுக்கு நாற்பது என்ற விகிதக் கலவை 190 டிகிரி செல்சியஸுக்குள் முழுதும் உருகிவிடும். சூடேறிய செம்பின் மேல் அது நீர்போலப் பரவி, ஆறியதும் கம்பியும் முனையும் ஒரே உலோகமாகிவிடுகின்றன.

இதையெல்லாம் நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு கிதாரின் பொருட்டு. அதை வைத்திருந்த நண்பர் மறைந்துவிட்டார். அதன் மின்பாகங்கள் அத்தனையையும் அவரே தன் கையால் பற்றவைத்திருந்தார். இப்போது அதை வாசிப்பவள் அவருடைய மகள். அவள் விரும்பும் இசை வேறு. அதற்குக் கனமான ஒலியுள்ள பிக்கப்கள் தேவை. வேறு பிக்கப்கள் பொருத்திய தகடொன்றை அவள் வாங்கிவிட்டாள். அதை மாட்டுவதென்றால் அப்பாவின் தகட்டை எடுக்க வேண்டும். எடுப்பதென்றால் அவர் வைத்த ஈயத்தை உருக்க வேண்டும். வாங்கிய தகட்டை மடியில் வைத்துக்கொண்டு சில மாதங்கள் சும்மா இருந்தாள். பிறகு என்னிடம் கொண்டுவந்தாள்.

அவளுடைய தயக்கம் எனக்கு மிகையாகப் படவில்லை. 1950களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைத் திறந்தவர்கள் குழிவுக்குள் ஒட்டப்பட்ட காகித நாடாவில் மேரி, குளோரியா என்ற பெயர்களைக் கண்டிருக்கிறார்கள். கம்பிகளை இணைத்த பெண்கள் தம் வேலைக்கு இட்ட கையொப்பம் அது. 1956இல் ஃபெண்டரில் சேர்ந்து பல பத்தாண்டுகள் பிக்கப்களுக்குக் கம்பி சுற்றிய அபிகேல் இபாராவின் கைவேலையை இன்றும் தேடி அலைகிறவர்கள் உண்டு. யாரும் பார்க்காத இடத்தில் செய்த வேலையில்தான் மனிதர்கள் அதிகம் தங்கிவிடுகிறார்கள் போலும். நண்பர் பெயர் எதுவும் எழுதி வைக்கவில்லை. குமிழ்களின் முதுகில் பளபளத்துக் கிடந்த ஈயத்துளிகளே அவருடைய கையெழுத்து.

ஈயமில்லாத இணைப்பிகள் இருக்கின்றன. ஈஎம்ஜி நிறுவனம் தன் பிக்கப்களைச் செருகிக் கழற்றும் முனைகளோடு விற்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1969இல், டான் ஆம்ஸ்ட்ராங் ஆம்பெக் நிறுவனத்துக்காக வடிவமைத்த கண்ணாடி போன்ற கிதாரில் பிக்கப்பைச் சறுக்கி எடுத்து வேறொன்றைப் பொருத்த முடிந்தது. அவ்வாண்டின் அமெரிக்கப் பயணத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வாசித்தார். எனக்குத் தேவைப்பட்டது இவற்றைவிட எளியது. வீட்டு வயரிங்கில் பயன்படும் நெம்புகோல் இணைப்பி. 1951இல் ஜெர்மனியின் மின்டன் நகரில் தொடங்கப்பட்ட வாகோ நிறுவனத்தினுடையது. சிறு நெம்பைத் தூக்கி, 11 மில்லிமீட்டர் அளவுக்கு உரித்த கம்பியைச் செருகி, நெம்பை மூடினால் எஃகு வில்லொன்று கம்பியைச் செம்புப் பட்டையோடு சேர்த்து அழுத்திக்கொள்கிறது. 0.14 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நுண்கம்பியைக்கூட அது விடாது பிடிக்கும்.

ஈயம் வைத்தால்தான் நாதம் என்று சொல்கிறவர்களை நானறிவேன். ஆனால் கணக்கு வேறாக இருக்கிறது. ஒரு பிக்கப்பின் சுருளில் தலைமுடியளவு மெல்லிய கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கிறது. அதன் மின்தடையே 6,000 ஓம் அளவில் இருக்கும். ஒலியளவுக் குமிழின் தடை 2,50,000 ஓம். இவற்றின் நடுவே இணைப்பி சேர்ப்பது ஓம் ஒன்றின் ஆயிரத்தில் சில பங்கு. எந்தக் காதாலும் அதைக் கேட்க முடியாது. கேட்பது பிடி தளர்ந்தால் எழும் கரகரப்பு மட்டுமே. அதனால்தான் இணைப்பியில் செருகும் கம்பி நுனிக்கு ஈயம் பூசக் கூடாது என்கிறார்கள். ஈயம் மென்மையானது, தொடர்ந்து அழுத்தினால் காலப்போக்கில் நழுவிக்கொடுக்கும். ஒன்றில் ஒட்டுவதற்கு உதவும் அதே குணம் இன்னொன்றில் பிடியைத் தளர்த்துகிறது.

மூன்று கம்பிகளையும் நடுவில் வெட்டினேன். குமிழோடு நண்பர் வைத்த ஈயம் தகட்டோடு நின்றது. ஜாக்கிலும் வில்தகட்டிலும் அவர் வைத்த ஈயம் மரத்தோடு நின்றது. ஒரு துளிகூட உருகவில்லை. வெட்டிய முனைகளைப் பருத்தி உறை தள்ளி உரித்து, மரத்தின் பக்கம் மூன்று இணைப்பிகளில் செருகினேன். எது எதற்கென்று வண்ண நூல் கட்டினேன். தகட்டுக்கடியில் அவை அடங்குமா என்ற கவலை இருந்தது. ஒவ்வொன்றும் 19 மில்லிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் உயரம். குமிழ்களை ஒட்டிய வெற்றிடத்தில் அடங்கிவிட்டன.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெட்டுவதற்குக் கம்பியில் இடம் இருந்ததே, அது தற்செயலல்ல. தேவைக்கு மேல் நான்கு விரற்கடை நீளம் விட்டு, சுருட்டிக் குழிவுக்குள் வைத்திருந்தார் நண்பர். இழுத்துக் கட்டியிருந்தால் வெட்டியபின் இரு முனைகளும் ஒன்றையொன்று எட்டியிருக்கா. ரேடியோ கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது இவருக்கும் தெரிந்திருக்கிறது.

இனி தகட்டை மாற்ற தந்திகளைத் தளர்த்தி, பதினொரு திருகுகளைக் கழற்றி, மூன்று நெம்புகளைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். மகள் தன் தகட்டைத்தான் மாட்டியிருக்கிறாள். அப்பாவுடையதைத் துணியில் சுற்றி கிதார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறாள். சென்ற மாதம் அவருடைய நினைவு நாளன்று அதை மாட்டி, அவர் வாசிப்பதையே அரைமணி நேரம் வாசித்ததாகச் சொன்னாள். மறுநாள் காலையில் மீண்டும் தன்னுடையதை மாட்டிக்கொண்டாளாம்.