ரெண்டு வயிறுள்ள வண்டி

"வண்டிக்குப் பேர் என்னடா போட்டிருக்கு?" என்றார் அப்பா, காரின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தபடி.

"வோல்ட்."

"வோல்ட்டா!" அப்பாவின் முகத்தில் ஒரு ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. கும்பகோணத்தில் மின்சார வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி, ஃபோர்மேனாக ரிடையர் ஆனவர். டெட்ராய்ட் ஏர்போர்ட்டில் ஒரு முழு நாள் பிரயாணக் களைப்போடு நிற்கிறார். வீட்டில் பத்து நாள் முன்பு பிறந்த பேரன் காத்துக்கொண்டிருக்கிறான். அதையெல்லாம் ஒரு நிமிஷம் ஒத்திவைத்துவிட்டு, "இது கரண்டு வண்டியா, பெட்ரோல் வண்டியா?" என்று விசாரணையை ஆரம்பித்தார்.

"ரெண்டும்ப்பா."

"அப்ப ரெண்டு செலவா?"

இந்தக் கேள்விக்கு நான் இன்னும் முழுசாகப் பதில் சொல்லி முடிக்கவில்லை.

அது ஷெவர்லே வோல்ட், 2017 மாடல். எங்கள் ஊர் தயாரிப்பு என்று பீற்றிக்கொள்ளலாம். டெட்ராய்ட்-ஹாம்ட்ராமிக் தொழிற்சாலையில் செய்தது. 2019 பிப்ரவரியோடு அந்த மாடலுக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். நான் 2021-ல் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். புது வண்டி வாங்குகிறவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் 7,500 டாலர் வரை வரிச்சலுகை தந்துகொண்டிருந்தது (அதுவும் 2025 செப்டம்பர் 30-உடன் தீர்ந்தது). பழசு வாங்கிய எனக்கு அதில் ஒரு செப்புக்காசு கிடைக்கவில்லை. அது போகட்டும். "இவன் பெட்ரோல் வரி கட்டாமல் டபாய்க்கிறான்" என்று கண்டுபிடித்து, மிஷிகன் மாநிலம் வருஷா வருஷம் ரிஜிஸ்ட்ரேஷனோடு தனியாக ஒரு தொகையையும் கறந்துவிடுகிறது.

நம்ம ஊரில் ஹைப்ரிட் என்று ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு பிளக் கிடையாது. பெட்ரோல்தான் ஒரே சாப்பாடு. பிரேக் போடும்போது கிடைக்கிற கரண்டைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும். இது வேறு ஜாதி. ராத்திரி வீட்டில் பிளக்கைச் செருகிவிட்டுப் படுத்தால் காலையில் 53 மைல், அதாவது 85 கிலோமீட்டர், சுத்தமாகக் கரண்டிலேயே ஓடும். அது தீர்ந்ததும் நடு ரோட்டில் நிற்காது. எஞ்சின் கண் விழித்துக்கொள்ளும். கரண்டு தயாரித்துக் கொடுக்கும், அவசியமானால் சக்கரத்துக்கும் தோள் கொடுக்கும். கல்யாண மண்டபத்தில் கரண்டு போனதும் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமுமே, அந்த மாதிரி. இங்கே சீரியல் பல்புகூட ஒரு நொடி அணையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பாவுக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. "நம்ம டி.வி.எஸ். ஃபிஃப்டிடா இது" என்றுவிட்டார். "பெட்ரோல் தீர்ந்தா பெடல் பண்ணுவேன் பார். ரெண்டு வயிறு!"

வீட்டுக்கு வந்ததும் முதலில் பேரன், இரண்டாவது பிளக். கராஜில் சுவரிலிருந்த சாக்கெட்டை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பரிசோதித்தார்.

"எத்தனை வோல்ட்டு?"

"இங்கே வீட்டுல 120-தான்ப்பா."

"120-ஆ! இதை லோ வோல்டேஜ்னு சொல்லி நம்ம ஊர்ல ஆபீஸை முற்றுகை போடுவாங்கடா!"

அந்த லோ வோல்டேஜில் முழுசாகச் சார்ஜ் ஏற 13 மணி நேரம் ஆகும். பாட்டரி 18.4 யூனிட். அதை அடிவரைக்கும் வழித்துச் சாப்பிட வண்டி விடாது, தினம் சுமார் 14 யூனிட்தான் தரும். அப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார். "தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ. உன் வண்டி அதை ஒரே வாரத்துல குடிச்சிட்டு ஏப்பம் விடும்." அதற்கப்புறம் தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் கராஜுக்குப் போய், பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதை ஒரு டியூட்டியாகவே வைத்துக்கொண்டார். "சூடாகலை. போய்த் தூங்கு" என்பார். பேரனுக்குக்கூட அப்படித் தொட்டுப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

இனிமேல்தான் என் வியாதியைச் சொல்ல வேண்டும்.

இந்த வண்டியின் திரையில் ஒரு எண் வரும். ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் என்ற எண். நீங்கள் பெட்ரோலை அதிகம் தொடாமலே ஓட்டினால் அது ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் "போதுமப்பா, இதுக்கு மேல் என்னால் எண்ண முடியாது" என்று '250+' என்று காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். அந்த பிளஸ் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பத்மஸ்ரீ. தீபாவளிக்குத் தீபாவளி மீட்டரைச் சைபராக்கிப் புதுக் கணக்கு ஆரம்பிப்பேன். அடுத்த தீபாவளி வரைக்கும் பிளஸ் இறங்கக் கூடாது.

இதற்காக நான் செய்த அல்பத்தனங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். தூரப் பயணத்துக்குப் பெட்ரோலும் உண்டு என்பதுதான் இந்த வண்டியை வாங்கியதற்கே காரணம். ஆனால் தூரப் பயணம் என்றால் மனைவியின் காரை எடுத்துக்கொண்டு போவேன். ஆறு வாரம் எஞ்சினைத் தொடவில்லையென்றால், "துருப்பிடிச்சிடுவேன், கொஞ்சம் ஓடிக்கறேன்" என்று வண்டி கெஞ்சும். டாங்கில் இருக்கிற பெட்ரோல் ஒரு வருஷப் பழசானால், "கெட்டுப்போகும், நானே எரிச்சிடறேன்" என்று அதுவாகவே எரிக்க ஆரம்பித்துவிடும். பெட்ரோல் ஊசிப் போகும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்!

ஆபீஸ் கதை தனி. வீடு ஃபார்மிங்டன் ஹில்ஸ், ஆபீஸ் ஆபர்ன் ஹில்ஸ். போகவர 46 மைல். கோடையில் ஜாம்ஜாம் என்று போய் வந்துவிடலாம். குளிர் காலத்தில் பாட்டரி சுருண்டு படுத்துவிடும். 53 மைல் 35 ஆகும். ஆகவே ஆபீஸ் சார்ஜரில் இடம் பிடித்தே தீர வேண்டும். இருப்பதோ நாலு கம்பம். சுத்த எலெக்ட்ரிக் கார்காரர்கள், "உனக்குத்தான் பெட்ரோல் இருக்கே, எங்க வயித்துல ஏன் அடிக்கிறே?" என்று பார்ப்பார்கள். பெட்ரோல் கார்காரர்கள், "ஓசிக் கரண்டுக்கு அலையறான் பார்" என்று பார்ப்பார்கள். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பதை பிளக்-இன் ஹைப்ரிட் வாங்கினவன்தான் முழுசாக உணர முடியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பாட்டரியில் அஞ்சு, ஆறு மைல்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போதுதான் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக இருப்பார். செவ்வாய், வெள்ளி நோவை வெங்கடேஸ்வரா கோயில். மற்ற நாளில் கறிவேப்பிலை, பால், டயாபர் என்று ஏதாவது. இந்த வண்டியில் ஹீட்டர் போட்டால் பாட்டரி கரைகிற வேகம் இருக்கிறதே, கோடையில் ஐஸ்க்ரீம்கூட அப்படிக் கரையாது. எஞ்சினின் வெந்நீர் இல்லாமல் கரண்டிலேயே காற்றைச் சூடாக்க வேண்டுமல்லவா? அதனால் ஹீட்டர் கட். சீட்டுக்கு அடியில் மட்டும் லேசாகச் சூடு. அதற்குச் செலவு கம்மி. கடும் குளிரில் எஞ்சின் தானாகக் கிளம்பிவிடும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அதையும் 'மிக மிகக் கடும் குளிரில் மட்டும்' என்று மாற்றி வைத்துவிட்டேன்.

"குழந்தை வண்டியில இருந்தா ஹீட்டர் போட்டே ஆகணும்" என்று மனைவி ஆர்டர் போட்டிருந்தாள். குழந்தை இருந்தால் போட்டேன். அப்பா மட்டும் என்றால் போடவில்லை.

அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மங்கி குல்லா, அதன் மேல் மஃப்ளர், ரெண்டு ஸ்வெட்டர், ஜெர்கின், கையுறை. பக்கத்து சீட்டில் ஏதோ எவரெஸ்ட் ஏறப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். வண்டி இறக்கத்தில் போகும்போது கரண்டு திரும்பிப் பாட்டரிக்குள் போவதைத் திரையில் பார்த்து, "மீட்டர் பின்னாடி ஓடுதுடா!" என்று குஷியாவார். காவிரிப் பாலத்து இறக்கத்தில் மொபெட் எஞ்சினை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனவர் அல்லவா? பின்னால் என்னை உட்கார வைத்துக்கொண்டு, "இப்ப ஒரு சொட்டு மிச்சம்" என்பார். மழை நாளில் ரெயின்கோட் ஒன்றுதான் இருந்தது எங்கள் வீட்டில். அது எனக்கு ரொம்பப் பெரிசாக இருக்கும்.

2022 டிசம்பர் 23. அமெரிக்காவில் பாதியை ஒரு பனிப்புயல் புரட்டிப் போட்ட நாள். அன்றைக்குப் பார்த்து அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நான் கிளம்பினேன். "தனியாப் போகாதே" என்று அப்பாவும் ஏறிக்கொண்டார். சைபருக்குக் கீழே பத்து டிகிரிக்கும் மேல் குளிர், அதோடு காற்று. திரையில் பிளஸ் இருந்தது, ஆனால் அந்த வாரம் ஆபீஸ் கம்பத்தில் ரெண்டு நாள் இடம் கிடைக்காததால் அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

பாதி வழியில் முன் கண்ணாடியில் பனி கெட்டித்துவிட்டது. ரோடு தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஹீட்டரைப் போட்டேன். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் 'தட் தட்' என்று எஞ்சின் கிளம்பியது.

"சனியன்!" என்றேன்.

"யார் சொல்லிடா ஓடுது?"

"யாரும் சொல்லலைப்பா. குளிர் ஜாஸ்தியானா அதுவாவே ஓடும்."

கொஞ்ச நேரத்தில் சூடான காற்று வந்தது. அப்பா மெதுவாகக் கையுறைகளைக் கழற்றினார். வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்காருகிற மாதிரி ரெண்டு கைகளையும் காற்று வருகிற இடத்தில் காட்டினார். விரல்களை மடக்கி மடக்கிப் பிரித்தார். அப்புறம் மஃப்ளரை அவிழ்த்து, மங்கி குல்லாவையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குளிர் இறுகின ரெண்டு மாதமாக என் காரில் அப்பாவின் தலையையே நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். முடி ரொம்பக் கொட்டியிருந்தது. காது ரெண்டும் சிவந்திருந்தன.

கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருந்திருப்பார். சட்டென்று விழித்துத் திரையைப் பார்த்தார்.

"டேய், பிளஸ் போயிடுச்சுடா! 249-னு காட்டுது. ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"

நான் ஆஃப் பண்ணவில்லை. ரோடு தெரியாதே என்று சாக்குச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னிக்கு என்ன, ஐஸ் கட்டி மாதிரி இல்லையே? தினம் ராத்திரி இவர் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தே என் கை ஓஞ்சு போச்சு. அவன்கிட்ட ஹீட்டர் போடச் சொல்றதுதானேன்னா, 'புள்ள ஏதோ நம்பர் கணக்கு வெச்சிருக்கான், கெடுக்காதே'ங்கறார்" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்று ராத்திரி கராஜில் தனியாக உட்கார்ந்து எல்லா ஏற்பாட்டையும் பழையபடி மாற்றினேன். அடுத்த நாளிலிருந்து ஹீட்டர், முழு வேகத்தில். எண் இறங்கியது. 230, 190, 165... ஒவ்வொரு பத்துக்கும் அப்பா என்னிடம் சண்டை போட்டார். "எனக்கு வேர்க்குதுடா" என்று பொய் சொல்லிப் பார்த்தார். ஏப்ரலில் ஊருக்குக் கிளம்புமுன் அவரையும் அம்மாவையும் வோல்ட்டிலேயே சிகாகோ கூட்டிப்போனேன். பெட்ரோல் பங்க்கில் நான் டாங்கை நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். மொத்தமே 8.9 காலன்தான் பிடிக்கும், சுமார் 34 லிட்டர்.

"ரிசர்வ் வந்தா எந்தப் பக்கம்டா சாய்க்கணும்?" என்றார் சீரியஸாக.

திரும்பி வந்தபோது எண் 140. அப்பா அதைத் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கும்பகோணத்திலிருந்து போன் வரும். பேரன், பள்ளிக்கூடம், சளி எல்லாம் முடிந்ததும் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார். "பிளஸ் இருக்கா?"

போன வாரம் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுவிட்டார். வெளியே பனி. பின் சீட்டில் பையன் ஸ்வெட்டரைக் கழற்றிப்போட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் 112.

"பிளஸ் இருக்காடா?"

"இருக்குப்பா."

"பின்ன என்ன, எஞ்சின் சத்தம் கேக்குது?"

"அது ரேடியோப்பா" என்றேன்.