பூசிய கறுப்பும் பிறவிக் கறுப்பும்

காவிரிப் படுகையிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் வரலாறு கப்பல், கங்காணி, ரப்பர்த் தோட்டம், கூலி ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் எழுதப்பட்டிருக்கிறது. குடியேறிய நாட்டின் சுவரொட்டியிலும் திரையிலும் அவர்கள் எந்த முகத்தோடு தோன்றினார்கள் என்ற கேள்வி அந்த வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடைப்பட்ட குத்தாலத்தில் (அருவி விழும் குற்றாலத்தோடு வெளியூரார் ஓயாமல் குழப்பிக்கொள்ளும் ஊர் இது) ரயிலேறி, நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலைப் பிடித்துப் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போன தலைமுறைக்கு இக்கேள்வியை எழுப்ப நேரமிருந்திருக்காது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதை எழுப்பினார்கள். எழுப்பியபோது அது அவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானதாக இருந்தது.

சிங்கப்பூரில் இனம் என்பது அரசு ஆவணத்தில் பதிவாகும் ஒரு தகவல். சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஏனையோர் என்ற நான்கு பிரிவுகளாக மக்கள் வகுக்கப்படுகின்றனர்; ஒவ்வொரு குடிமகனின் அடையாள அட்டையிலும் இனம் இடம்பெறுகிறது. மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சீனர். இந்தியர் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி உண்டு. 2008 முதல் வசந்தம் என்ற முழு அலைவரிசையும் உண்டு. ஆனால் அந்தந்த இனத்துக்கு அந்தந்த மொழியில் தனி இடம் ஒதுக்கும் இவ்வேற்பாட்டில், எல்லோரும் சேர்ந்து பார்க்கும் பொதுத் திரையில் சிறுபான்மையினர் எந்த அளவுக்கு, என்னவாகத் தோன்றுவது என்பதற்கு எந்த ஒதுக்கீடும் இல்லை.

2019 ஜூலையில் அந்த இடைவெளி அம்பலமானது. நெட்ஸ் நிறுவனத்தின் இ-பே என்ற மின்னணுப் பணம் செலுத்தும் சேவைக்கான விளம்பரத்தில், டென்னிஸ் சியூ என்ற சீன நடிகரே நான்கு பாத்திரங்களாகத் தோன்றினார். அவற்றுள் ஒன்று தலைத்துணி அணிந்த மலாய்ப் பெண். மற்றொன்று, தோல் கருமையாக்கப்பட்டு, 'கே. முத்துசாமி' என்ற பெயரட்டை அணிந்த இந்திய ஆடவர். வேறொரு இனத்தவராகக் காட்டிக்கொள்ள முகத்தில் மாநிறம் ஏற்றும் இவ்வழக்கம் பழுப்பு முகப்பூச்சு எனப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேடைகளில் வெள்ளையர் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலிசெய்த கறுப்பு முகப்பூச்சின் கிளை அது. இங்கே கவனிக்கத்தக்கது பூச்சைவிட அந்தப் பெயரட்டையே. முதலெழுத்தோடு கூடிய பெயரை எழுதியவருக்குத் தமிழர் தந்தையின் பெயரைச் சுருக்கி முன்னால் வைப்பார்கள் என்ற அளவுக்கு விவரம் தெரிந்திருக்கிறது; ஆனால் ஒரு தமிழ் நடிகரைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

பிரீத்தி நாயர், சுபாஸ் நாயர் என்ற உடன்பிறப்புகள் வசைச்சொற்கள் கலந்த ராப் காணொளி ஒன்றால் இதற்குப் பதில் கொடுத்தார்கள். விளம்பரத் தரப்பினர் மன்னிப்புக் கேட்டனர். விளம்பரம் விதியை மீறியதாகக் கருதப்படவில்லை. காணொளியை உருவாக்கியவர்களுக்கோ 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது. சீக்கியத் தந்தைக்குப் பிறந்த குர்மிட் சிங், 1997 முதல் பத்தாண்டுகள் புவா சூ காங் என்ற சீன ஒப்பந்தக்காரராக நடித்து நாட்டையே சிரிக்க வைக்கவில்லையா என்று அப்போது சிலர் கேட்டனர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் தொலைக்காட்சியில் சீனர் நூறு வகையாகத் தோன்றும் நாட்டில் ஒரு கோமாளிச் சீனர் நூற்றியொன்றாவது ஆள்; எப்போதாவது தோன்றும் முத்துசாமி, அந்தக் கணத்தில் மொத்த இனத்துக்கும் ஆளாகிவிடுகிறார்.

புலம்பெயர்ந்த தமிழரின் கோபம் நியாயமானதே என்றாலும், அவர்கள் கையில் ஒரு பழைய பாக்கியும் இருக்கிறது. 2008இல் வெளிவந்த 'தசாவதாரம்' படத்தில் கமல்ஹாசன் பத்து வேடங்கள் ஏற்றார். கண்ணிமையை மாற்றிக்கொண்டு ஜப்பானியராக வந்தது ஒன்று. தோலைக் கருமையாக்கிக்கொண்டு வின்சென்ட் பூவராகன் என்ற தலித் தலைவராக வந்தது இன்னொன்று. அது அபார நடிப்பாகவே கொண்டாடப்பட்டது. மணற்கொள்ளையை எதிர்க்கும் ஒரு தலித் தலைவராக நடிக்க அந்த நிறத்தோடு பிறந்த நடிகர் கிடைக்கமாட்டாரா என்று கேட்டவர்கள் சொற்பம். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தின் சீன வில்லனாக வியட்நாமிய வம்சாவளியினர் ஒருவர் நடித்தார். தமிழ் ரசிகருக்கு அந்தக் கண்ணும் இந்தக் கண்ணும் ஒன்றுதான். கிராமத்துப் பெண்ணாக்க நாயகியின் முகத்தை மங்கவைப்பதும், மற்ற வேளைகளில் வடக்கிலிருந்து வெளுத்த முகங்களை வரவழைப்பதும் தமிழ்த் திரையின் அன்றாட வழக்கம். வயலில் வெயில் காய்ந்தவர் யார், நிழலில் நின்று கணக்குப் பார்த்தவர் யார் என்ற படுகைப் பகுதியின் பழைய சாதி ஏற்பாடு, நிறத்தைப் பற்றிய பேச்சாக வேடமிட்டுத் திரைக்கு வந்திருக்கிறது. அதே பேச்சு மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' ஆகிறது. 1975 முதல் ஃபேர் அண்டு லவ்லியாக விற்று 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட களிம்பாகவும் அது கடல் கடக்கிறது.

இதனால் சிங்கப்பூரில் எழுந்த குரலின் மதிப்பு குறைந்துவிடாது. தன்னை வரைபவரிடம் மறுத்துப் பேசும் வலிமை யாருக்கு உண்டு என்பதுதான் இரு இடத்திலும் வேறுபடுகிறது. அங்கே தமிழர் கேட்கும் இடத்தில் நிற்கிறார்கள், இங்கே அவர்களில் ஒரு பகுதியினர் கேட்கப்படும் இடத்தில் நிற்கிறார்கள். நல்ல படைப்புகளும் வந்திருக்கின்றன. எரிக் கூவின் 'மை மேஜிக்' (2008) பெரும்பாலும் தமிழில் பேசும் சிங்கப்பூர்ப் படமாகக் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்றது. கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' (2016), சிறையிலிருந்து வெளிவரும் ஒரு தமிழரை நல்லவராகவும் ஆக்காமல் கெட்டவராகவும் ஆக்காமல் பின்தொடர்கிறது.

இவ்விரண்டு படங்களின் நாயகர்களும் சிங்கப்பூரர்கள். உள்ளூர்த் தமிழர் 'ஊர்க்காரர்' என்று சற்றே தள்ளிவைத்துக் குறிப்பிடும், குத்தாலத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ஒர்க் பெர்மிட்டில் வந்து, கட்டுமானத் தளத்துக்கு லாரியின் பின்புறத்தில் அமர்ந்து போகும் தொழிலாளி, பெயரட்டை அணிந்த முத்துசாமியும் இல்லை. அவரைப் போல வேடமிடவேண்டும் என்ற எண்ணம்கூட விளம்பரக்காரருக்கு எழவில்லை. 2014இல் அந்நாட்டில் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி முதலில் வங்காள மொழித் தொழிலாளர்களுக்காக ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளர்கள் அதற்குப் பின்னரே அந்த மேடையில் ஏறினார்கள்.