பால் பொங்கி அடுப்பை அணைத்தபோது

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீருக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மகளோடு வாக்குவாதத்தில் இறங்கிவிட்டேன். ஆறாம் படிவம் முடித்தவள், வானியற்பியல் படிக்கப் போகிறேன் என்கிறாள்.

“கருந்துளையைப் பற்றிப் படித்தால் பாயான் லெப்பாஸில் எந்தத் தொழிற்சாலை வேலை கொடுக்கும்? அது எல்லாவற்றையும் விழுங்கும் ஓர் ஓட்டை, அவ்வளவுதானே!” என்றேன்.

அதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. ஓடிப்போய் கேஸை மூடிய மகள் சிரித்தாள். “கருந்துளையும் இதைத்தான்பா செய்யுது.”

உட்காரவைத்து விளக்கினாள். பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவே ராட்சதக் கருந்துளை ஒன்று இருக்கிறது. நம் பால்வீதியில் இருப்பது 40 லட்சம் சூரியன்களின் எடை. 2019இல் படம் வெளிவந்த எம்87இன் கருந்துளையோ 650 கோடி சூரியன்களின் எடை! வாயு குளிர்ந்தால்தான் புதிய விண்மீன்கள் பிறக்கும். அதே வாயு கருந்துளையை நோக்கியும் விழுகிறது. விழும்போது வெளிப்படும் ஆற்றல், சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி விலக்கித் தள்ளுகிறது. விண்மீன்கள் பிறப்பது குறைகிறது. கருந்துளைக்கும் தீனி குறைகிறது. பொங்கிய பால், தன்னைக் கொதிக்கவைத்த நெருப்பையே அணைப்பதுபோல. வாயு மறுபடி குளிர்ந்தால் மறுபடி அதே கதை. இந்தக் கடிவாளம் இல்லாவிட்டால் பெரிய மண்டலங்கள் இன்னும் பெருத்திருக்குமாம்.

“யாராவது பார்த்தார்களா?”

“பார்த்தாங்கப்பா. 25 கோடி ஒளியாண்டு தள்ளி, பெர்சியஸ் கூட்டத்துல. கருந்துளை ஊதின குமிழிகளும், வாயுவில் பரவும் அலைகளும் தெரிஞ்சுது. 2003இல் அந்த அலைகளைக் காட்டியது ‘சந்திரா’ எக்ஸ்ரே தொலைநோக்கி.”

சந்திரா என்பது நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், 19 வயதில், சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். கப்பலிலேயே விண்மீன்களின் முடிவைக் கணக்குப் போட்டவர். 1983இல் நோபல் பரிசு பெற்றார். இன்று ராட்சதக் கருந்துளைகள் வளரும் விதத்தை ஆராயும் பிரியம்வதா நடராஜன் கோயம்புத்தூரில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

மிஞ்சிய பாலில் ஆளுக்கு அரை குவளை தேநீர்தான் கிடைத்தது. வேலையைப் பற்றிய என் கவலை தீரவில்லை. அன்று மாலை பாடாங் கோத்தா லாமாவில் நடந்தோம். நகர வெளிச்சத்தில் நாலைந்து விண்மீன்களே தெரிந்தன. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்:

“விண்ணப்பம் அனுப்ப எப்போதும்மா கடைசி நாள்?”