அச்சாரம் வாங்கினப்புறம் பேச்சு மாறலாமா?

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம்னு எங்க மண்ணூரைச் சுத்தி கார் கம்பெனிதாங்க. ஆனா என் தம்பி மகன் ஒரு பழைய கார் வாங்கப் பட்ட பாடு இருக்கே! அவங்க அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகத்தான் வண்டி. 3,60,000-க்கு விலை பேசி, 20,000 அட்வான்ஸ் வாங்கி, வியாபாரி கையெழுத்தும் போட்டார். நாலாம் நாள், "கூட விலைக்கு ஆள் வந்துட்டாங்க, பணத்தை வாங்கிக்குங்க"ன்னுட்டார்.

மாட்டுச் சந்தையிலகூட அச்சாரம் வாங்கினவன் மாட்டை அடுத்தவனுக்கு அவுத்து விடமாட்டான்.

1915-க்குப் போன் போட்டோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்துலயே 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்ல, 5 லட்சம் வரைக்கும் கட்டணமுமில்ல. அட்வான்ஸோட நஷ்டஈடும் கேக்கலாம். ரசீதும் ஒப்பந்தமும் கையில இருக்கணும், அவ்வளவுதான்.

தபால்ல நோட்டீஸ் அனுப்பியாச்சு. 15 நாள் கெடு. பதில் வரலேன்னா ஆணையத்துக்குத்தான் போறோம்.