வயிற்றுக்குள் இரண்டு குடித்தனம்

பர்கூரில் என் தங்கை வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். ஆனால் நான் அங்கே வாங்கி வந்தது துணியல்ல, ஒரு சந்தேகம்.

அன்று பிப்ரவரி 10. குடற்புழு நீக்க நாள். 2015 முதல் நாடெங்கும் நடந்துவருகிற காரியம். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பார்கள். தங்கையின் பேத்திக்கு எட்டு வயது. சோகை பிடித்து வெளிறிப் போயிருந்தாள். அவளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து வாசலில் உட்கார்ந்தாள். தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு.

"மாத்திரை வேண்டாம் நைனா. இருக்கிற பூச்சியை விரட்டினால் இல்லாத பூச்சி வந்து குடியேறும்" என்றாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். "நீங்கதான் படிச்சவராச்சே, சொல்லுங்கண்ணா!"

பாட்டியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்னதைப் போலவே ஒன்றை நான் படித்திருக்கிறேன். தென் அமெரிக்காவில், பொலிவியாவின் காடுகளில் சிமானே என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களை ஆராய்ந்தவர்கள் 2013-இல் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். கொக்கிப்புழு உள்ளவர்களின் குடலில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்ற நுண்ணுயிர் குறைவாக இருந்ததாம். புழுவுக்கு மருந்து கொடுத்த பிறகு ஜியார்டியா தலைதூக்கியதாம்.

அப்படியானால் புழு நமக்குக் காவல்காரனா? அதுதான் இல்லை. நம் உடம்பின் காவற்படையில் பல பிரிவுகள் உண்டு. புழுவை எதிர்க்கும் பிரிவு ஓங்கும்போது, உயிரணுவுக்குள் புகுந்துகொள்ளும் கிருமிகளை எதிர்க்கும் பிரிவு அடங்கிப்போகும். போதாததற்கு, நெடுநாள் தங்கிய புழு, தன்னை விரட்டாதபடி படையையே தாலாட்டித் தூங்க வைக்கிறது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் இதையும் கண்டிருக்கிறார்கள்: காசக்கிருமி உள்ளே பதுங்கியிருப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவும் சேர்ந்துவிட்டால், அந்தக் கிருமியை எதிர்க்கும் வேகம் குறைகிறது. ஒரு பகைவனைத் தடுக்கிற புழு, அதைவிடப் பெரிய பகைவனுக்குக் கதவைத் திறந்துவிடலாம். அதற்கு அது வாங்கும் வாடகையோ நம் ரத்தம்!

குழந்தையின் வெளிறிய கண்ணிமைகளைப் பார்த்தேன். "மாத்திரை சாப்பிடட்டும்" என்றேன்.

பாட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. "உங்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது பாட்டி" என்று அவள் அருகில் போய் உட்கார்ந்தேன். "காலி வீட்டில் யாராவது வந்து குடியேறத்தான் செய்வார்கள். ஜியார்டியா வருவது அசுத்தமான தண்ணீரில். அதனால் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுப்போம். கொக்கிப்புழு ஏறுவது வெறுங்காலில். அதனால் செருப்பு வாங்கிக் கொடுப்போம்."

பாட்டி சிறிது யோசித்தாள். "அதைத்தானே நானும் சொன்னேன்! விரட்டினால் போதுமா? கதவைச் சாத்த வேண்டாமா?" என்றாள்.

அவள் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் நான் மறுக்கவில்லை. சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு வாங்கி வந்தேன். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து மாட்டிவிட்டவள் பாட்டிதான்.